பழைய அலுமினிய போட்: பெயின்ட் இருக்கட்டும், முதல்ல ஃபோமைப் பாருங்க! (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல ஒன்டாரியோவுல இருக்கிற ரைஸ் லேக்ல மீன் பிடிக்கிறதைப் பத்தி எழுதும்போது, நான் ஓட்டுறது நானே சரி பண்ணின 14 அடி பழைய அலுமினிய போட்னு போற போக்குல ஒரு வரி சொல்லியிருந்தேன். அதைப் பிடிச்சுக்கிட்டு இத்தனை பேர் எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல. ஒன்டாரியோ, மிச்சிகன், மான்ட்ரியல்னு எல்லாப் பக்கத்துல இருந்தும் கடிதம். இந்தப் பக்கத்து ஊர்கள்ல கொட்டகைக்குப் பின்னாடி, புல்லுக்கு நடுவுல இப்படி ஒரு போட் கிடக்காத இடமே இல்ல, அதனால ஒரே கேள்விதான் பலவிதமா வந்திருக்கு. முடிஞ்சவரைக்கும் சேத்து பதில் சொல்றேன்.

கேள்வி: அண்ணை, லின்ட்சே பக்கம் ஒரு விவசாயியின்ர கொட்டிலுக்குப் பின்னால கன வருசமா நிமிர்ந்தபடியே கிடந்த 14 அடி அலுமினிய போட் ஒண்டை 500 டொலருக்கு வாங்கிப்போட்டன். வெளியால பாக்க நல்லாத்தான் இருக்கு, ரெண்டு இடத்தில நெளிவு, பின்பக்கப் பலகை கொஞ்சம் உக்கினமாதிரிக் கிடக்கு. மகன் பள்ளிக்கூட விடுமுறைக்குள்ள பெயின்ற் அடிச்சுத் தண்ணியில இறக்குவம் எண்டு நிக்கிறான். எங்க இருந்து துவங்கிறது, சொல்லுங்கோ. – ஸ்கார்பரோ வாசகர்

பதில்: தம்பிக்கு பெயின்ட் மேல ஆசை இருக்கிறது நல்லதுதான், ஆனா அது கடைசி வேலை, சில சமயம் தேவையே இல்லாத வேலை. நீங்க முதல்ல பண்ண வேண்டியது போட்டோட எடையைப் பாக்குறது. 14 அடி வெறும் போட் பொதுவா 200ல இருந்து 300 பவுண்டுக்குள்ள இருக்கும், முன்பக்கம் ஒருத்தர் பின்பக்கம் ரெண்டு பேர் பிடிச்சா தூக்கிடலாம். நாலு பேர் சேந்து மூச்சு வாங்குறீங்கன்னா உள்ள தண்ணி இருக்குன்னு அர்த்தம். ட்ரெயின் ப்ளக்கை, அதாவது தண்ணி வடியுற ஓட்டையோட அடைப்பானைக் கழட்டினா வர்ற தண்ணியைச் சொல்லல. சீட்டுக்கு உள்ள அடைச்சிருக்கிற ஃபோம் குடிச்சு வச்சிருக்கிற தண்ணியைச் சொல்றேன்.

அந்த ஃபோம் எதுக்குன்னு நிறைய பேருக்குத் தெரியறதில்ல, சத்தம் வராம இருக்கவோ சீட்டு கெட்டியா இருக்கவோ வச்சிருக்காங்கன்னு நினைக்கிறாங்க. மரத்துல செஞ்ச வள்ளம் தண்ணி நிரம்பினாலும் மரம் மிதக்கும், பிடிச்சுக்கிட்டு கிடக்கலாம். அலுமினியம் தண்ணியை விட 2.7 மடங்கு கனம், நிரம்பினா இரும்பு மாதிரி நேரா கீழ போயிடும், மோட்டார் பின்பக்கத்தை முதல்ல இழுத்துக்கிட்டு போகும். அதைத் தடுக்கத்தான் அந்த ஃபோம். அமெரிக்காவுல 1971ல போட் பாதுகாப்புச் சட்டம் வந்து, அதுக்கப்புறம் 1970கள்லயே 20 அடிக்குக் குறைஞ்ச அவுட்போர்டு போட் (மோட்டாரை வெளிய பின்பக்கம் மாட்டுறது) எல்லாம் முழுசா தண்ணி நிரம்பினாலும் மட்டமா மிதக்கணும், ஆளுங்க அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்க முடியணும்னு தரம் வச்சாங்க. உங்க போட் அதுக்கு முந்தினதா இருந்தாலும் சரி, பிந்தினதா இருந்தாலும் சரி, நிமிர்ந்தபடியே மழையிலயும் பனியிலயும் கிடந்திருக்குன்னா அந்த ஃபோம் இன்னிக்கு நல்லா இருக்கும்னு நான் நம்ப மாட்டேன்.

எப்படிப் பாக்குறதுன்னா, நடு சீட்டோட பக்கவாட்டுல, அடிப்பகுதிக்கு ரெண்டு இன்ச் மேல, ஹோல் சா (வட்டமா அறுக்கிற ரம்பம்) வச்சு ஒரு ஓட்டை போட்டு உள்ள இருக்கிற ஃபோமைக் கிள்ளி எடுத்து கையால பிழியுங்க. மேல கிள்ளினா காஞ்சிருக்கும், ஏமாந்துடுவீங்க, தண்ணி கீழ்ப் பகுதியிலதான் நிக்கும். என்னோட போட்ல நான் சீட்டு மேல் தகட்டை, அதைப் பிடிச்சிருக்கிற ரிவிட் ஆணியெல்லாம் ட்ரில் பண்ணி எடுத்துட்டு பழைய ரொட்டிக் கத்தியால அறுத்து அறுத்து எடுத்தேன். மேல மஞ்சளா பொரபொரன்னு உதிர்ந்துச்சு, அரை அடி கீழ போனதும் பழுப்பாகி, அடியில கறுப்பா குளத்துச் சேறு வாடையோட சொதசொதன்னு வந்துச்சு. ஒரு பாக்கெட் ரொட்டி அளவு துண்டு ஒண்ணை சமையலறைத் தராசுல வச்சுப் பாத்தேன், 100 கிராம் சுமாருக்கு இருக்க வேண்டியது ஒன்றரை கிலோ இருந்துச்சு. அந்த போட்டை மிதக்க வைக்க வேண்டிய பொருளே அதை முக்குற பொருளா மாறியிருந்துச்சு. நான் அதுக்கு முந்தின வருஷம் அதே போட்ல என் ரெண்டு பிள்ளைங்களையும் ஏத்திக்கிட்டு போயிருக்கேன், அதை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. அதனாலதான் இதையே திருப்பித் திருப்பிச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

ஈர ஃபோமைக் காய வைக்கலாமான்னு கேப்பீங்க. முடியாது, தண்ணி ஃபோமோட குட்டிக் குட்டி அறைகளுக்குள்ள புகுந்துட்டா ரெண்டு கோடை வெயில்ல வச்சாலும் முழுசா போகாது, தூக்கிப் போட்டுடுங்க. புதுசா எவ்வளவு வேணும்? ஒரு கன அடி தண்ணி 62 பவுண்டு, ஒரு கன அடி நல்ல ஃபோம் 2 பவுண்டு, ஆக ஒரு கன அடிக்கு 60 பவுண்டு தூக்கும்னு வச்சுக்கலாம். அலுமினியம் தண்ணிக்குள்ள போனா எடையில முப்பத்தேழு சதவீதம் குறையும், அதனால 250 பவுண்டு போட்டைத் தூக்க சுமார் 158 பவுண்டு மிதப்பு, அதாவது இரண்டரை கன அடிக்குக் கொஞ்சம் மேல ஃபோம், இது வெறும் தகட்டுக்கு மட்டும்தான். அதுக்கு மேல மோட்டார், பேட்டரி, அப்புறம் மனுஷங்க. அதனால கணக்கெல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும், கம்பெனி வச்சிருந்த அளவுக்கு ஒரு கைப்பிடி கூடக் குறைக்காதீங்க, முடிஞ்சா பின்பக்கம் மோட்டார் கிட்ட ரெண்டு பக்கமும் கொஞ்சம் கூட வைங்க. இன்னொண்ணு, ஃபோம் எங்க இருக்குங்கிறது எவ்வளவு இருக்குங்கிற அளவுக்கு முக்கியம். எல்லாத்தையும் தரைக்கு அடியில அடைச்சா தண்ணி நிரம்பினதும் அடிப்பகுதி மேல வரப் பாக்கும், போட் கவுந்துடும். ஓரங்கள்ல, சீட்டு உயரத்துல இருக்கணும்.

ரெண்டு திரவத்தைக் கலந்து ஊத்துற ஃபோம் வாங்கலாம், இல்லன்னா வீட்டுச் சுவருக்கு வைக்கிற ரோஸ் கலர், நீலக் கலர் அட்டை ஃபோமை அளவா வெட்டி அடுக்கலாம். நான் அட்டைதான் வச்சேன், ஏன்னா அடியில அரை இன்ச் இடம் விட்டு தண்ணி வடிஞ்சு ஓட வழி பண்ண முடிஞ்சது, அடுத்த தடவை கழட்டிப் பாக்கவும் சுலபம். ஆனா அந்த அட்டையில பெட்ரோல் பட்டா கரைஞ்சு கூழாயிடும், அதனால பெட்ரோல் டேங்க் பக்கத்துல அதை வைக்காதீங்க.

அடுத்தது உங்க பின்பக்கப் பலகை, டிரான்ஸம். மோட்டாரை மாட்டி, அதோட கீழ்ப்பகுதியைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க, தகடு மூச்சு விடுற மாதிரி அசைஞ்சா உள்ள மரம் செத்துப்போச்சு. பழைய பலகையை எவ்வளவு உக்கியிருந்தாலும் முழுசா எடுக்கப் பாருங்க, அதுதான் புதுசுக்கு அளவு. முக்கால் இன்ச் பிளைவுட் ரெண்டை எபாக்ஸியால (ரெண்டு திரவம் கலந்து இறுகுற பசை) ஒட்டினா ஒன்றரை இன்ச், பெரும்பாலான போட்டுக்கு அதுதான் கணக்கு, இருந்தாலும் பழசை அளந்துக்குங்க. மெரைன் பிளைவுட்டுக்குக் காசு இல்லன்னா நல்ல எக்ஸ்டீரியர் பிளைவுட் போதும், பசை ரெண்டுலயும் தண்ணி தாங்குறதுதான், உள்ளடுக்குல ஓட்டை இல்லாம பாத்து எடுக்கணும், அவ்வளவுதான். மூணு கோட்டு எபாக்ஸி, ஓரத்துக்கு மட்டும் இன்னும் ரெண்டு, ஏன்னா மரம் தண்ணி குடிக்கிறது ஓரத்து வழியாத்தான். போல்ட் ஓட்டைகளை ரெண்டு மடங்கு பெருசா போட்டு, கெட்டியா கலந்த எபாக்ஸியால அடைச்சு, காஞ்சப்புறம் அதுக்கு நடுவுல சரியான அளவுக்குத் துளைச்சா போல்ட் ஓட்டை வழியா மரத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணி போகாது. பழைய டிரான்ஸம் பெரும்பாலும் செத்தது யாரோ ஃபிஷ் ஃபைண்டர் (மீன் இருக்கிற இடத்தைக் காட்டுற கருவி) மாட்டப் போட்ட ரெண்டு ஸ்க்ரூ ஓட்டையாலதான்.

இவ்வளவையும் முடிச்சுட்டு விடுமுறை மிச்சம் இருந்தா மகன் பெயின்ட் அடிக்கட்டும்.

கேள்வி: சார், என்னோட போட்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு வாளி தண்ணி வருது. ரிவிட் எல்லாத்துக்கும் மேல சிலிகான் பூசிட்டேன், அப்பவும் நிக்கல. எந்த ரிவிட் ஒழுகுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? – மிசிசாகா

பதில்: சிலிகானை முழுசா சுரண்டி எடுங்க, அது ஆடுற ரிவிட் மேல நிக்காது, அது இருந்த இடத்துல வேற எதுவும் ஒட்டவும் ஒட்டாது. அப்புறம் போட்டை டிரெய்லர் மேலயே வச்சு உள்ள தண்ணி விடுங்க. மூணு நாலு இன்ச் போதும், அதுக்கு மேல வேண்டாம், தண்ணியோட கனம் தாங்காம டிரெய்லர் கட்டைகளுக்கு நடுவுல தகடு தொங்கிடும். அடியில படுத்து ஒழுகுற ரிவிட்டை எல்லாம் மார்க்கரால வட்டம் போடுங்க. பென்சிலால கோடு போடாதீங்க, பென்சில்ல இருக்கிற கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும், விமானம் செய்யுற இடங்கள்ல அலுமினியத்து மேல பென்சிலே கூடாதுன்னு சொல்றது இதனாலதான். தண்ணி விடுறதுக்கு முன்னாடியே சில ரிவிட் தன்னைத்தானே காட்டிக் கொடுத்துடும், தலையைச் சுத்தி கண்மை தீட்டின மாதிரி கறுப்பா ஒரு வளையம் இருக்கும், அது ரிவிட் ஆடி ஆடி உரசின பொடி.

தளர்ந்த ரிவிட்டை உடனே மாத்த வேண்டாம், முதல்ல இறுக்கிப் பாருங்க. இதுக்கு ரெண்டு பேர் வேணும். வெளிய ஒருத்தர் ரிவிட் தலைக்குப் பொருந்துற குழிவு உள்ள செட்டுங்கிற கருவியை வச்சு சுத்தியலால தட்டணும், உள்ள ஒருத்தர் கனமான இரும்புக் கட்டியை ரிவிட் வால்ல அழுத்திப் பிடிக்கணும். எங்க வீட்டுல உள்ள உக்காந்து கட்டியைப் பிடிச்சது என் மனைவி. முதல் ரெண்டு அடிக்கு தட்டு தட்டுன்னு செத்த சத்தம் வரும், மூணாவது நாலாவது அடியில திடீர்னு சத்தம் மாறி கணீர்னு கேக்கும், ரெண்டு தகடும் இறுகிடுச்சுன்னு அதுதான் அடையாளம். அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அவங்களுக்கு காது பழகிடுச்சு, நான் சொல்றதுக்கு முன்னாடி அவங்களே "போதும், அடுத்தது"ன்னு சொல்லிடுவாங்க. அப்படி 60 ரிவிட் பண்ணோம், புதுசா மாத்தினது 11தான்.

மாத்தும்போது தலையை மட்டும் நடுவுல ட்ரில் பண்ணி உளியால தட்டி எடுத்துட்டு மிச்சத்தை பஞ்ச்ங்கிற இரும்புக் குச்சியால தட்டித் தள்ளிடுங்க. புது சாலிட் ரிவிட் (நடுவுல ஓட்டையில்லாத முழு ரிவிட்), தகடைத் தாண்டி அதோட விட்டத்துல ஒன்றரை மடங்கு வெளிய நீட்டினா சரியான நீளம். ஓட்டை பெருசாகியிருந்தா அடுத்த அளவுக்குப் போங்க. உள்ள கை போகாத இடத்துக்கு, ஒரு பக்கத்துல இருந்தே நடுக் கம்பியை இழுத்து இறுக்குற பாப் ரிவிட் போடலாம், ஆனா வால் மூடின வகையா இருக்கணும், நடுக் கம்பியும் அலுமினியமா இருக்கணும், சாதாரண பாப் ரிவிட் நடுவுல ஓட்டையோடதான் வரும், அதைப் போட்டா ஒழுக்குக்கு நாமளே வழி பண்ணிக் கொடுத்த மாதிரி. த்ரீ எம் 5200ங்கிற போட் ஒட்டுப் பசையில முக்கி அடிச்சா இன்னும் நல்லது. இதெல்லாம் முடிச்சப்புறம் உள்பக்க மடிப்பு நெடுக க்ளுவிட் மாதிரி எபாக்ஸி சீலர் பூசலாம். பழைய பெயின்ட், எண்ணெய் எதுவும் இல்லாம பளிச்சுன்னு தேய்ச்ச தகட்டுல பூசணும். ஆடுற ரிவிட் மேல அதைப் பூசினா ஒரு சீசன்ல விரிசல் விடும்.

கேள்வி: தரைக்கும் சீட்டுக்கும் பிரஷர் ட்ரீட்டட் பிளைவுட் போடலாம்னு இருக்கேன். மழைக்கும் கரையானுக்கும் தாங்குதுன்னா போட்டுக்கும் தாங்கும்தானே? – பிராம்ப்டன்

பதில்: தயவுசெஞ்சு போடாதீங்க. நான் போட்டேன். கடையில இருந்தவர் இதுதான் தண்ணிக்கு நல்லதுன்னு சொன்னார், பச்சை நிறத்துல கனமா இருந்துச்சு, நானும் நம்பி வாங்கி தரை முழுக்க போட்டு அதுக்கு மேல கார்ப்பெட்டும் ஒட்டிட்டேன். ரெண்டே கோடை. மூணாவது வருஷம் கார்ப்பெட்டைத் தூக்கினா பலகை பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையா மாவு பூத்திருக்கு, சுரண்டினா அடியில குழி. நம்ம வீட்டுல அலுமினியப் பாத்திரத்துல புளி கரைச்சு ராத்திரி முழுக்க வச்சா காலையில ஊசி குத்தின மாதிரி புள்ளி புள்ளியா இருக்குமே, அதே மாதிரி, ஆனா தகட்டுல பாதி ஆழத்துக்கு. ரெண்டு இடத்துல விரல் நகத்தை வச்சு அழுத்தினதும் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிஞ்சுது.

காரணம் அந்தப் பலகையில ஏத்தியிருக்கிற செம்பு. பூஞ்சை வராம இருக்க செம்புச் சத்து கலந்த மருந்தை அழுத்தத்துல உள்ள ஏத்துறாங்க. 2003 கடைசி வரைக்கும் வீட்டு உபயோகத்துக்கு வந்த பலகையில செம்போட ஆர்சனிக்கும் இருந்துச்சு, அதை நிறுத்தினப்புறம் வந்த மருந்துகள்ல செம்பு முன்னை விட அதிகம். செம்பும் அலுமினியமும் ஈரத்துல ஒண்ணோட ஒண்ணு பட்டா பேட்டரி மாதிரி வேலை செய்யும், அதுல கரையுறது எப்பவும் அலுமினியம்தான். இதே காரணத்துக்காகத்தான் அடியில செம்பு கலந்த பாசித்தடுப்பு பெயின்ட் அடிக்கக் கூடாது, செப்புக் காசு ஒண்ணு உள்ள விழுந்தாக்கூட தேடி எடுத்துடணும், சேத்துக்குள்ள ஒரே இடத்துல கிடந்தா அதுக்குக் கீழ ஓட்டை விழும்.

சாதாரண பிளைவுட் வாங்கி எபாக்ஸி பூசிப் போடுங்க, பாதுகாப்பும் அதுதான், செலவும் பெருசா கூடாது. எவர்சில்வர் ஸ்க்ரூ போடலாமான்னு சிலர் கேட்டிருந்தீங்க, போடலாம், ஆனா ஸ்க்ரூவுக்கு டெஃப் ஜெல் மாதிரி அரிப்பைத் தடுக்கிற பசை தடவி, வாஷருக்கு அடியில நைலான் வச்சு போடுங்க. துத்தநாகம் பூசின மலிவு ஸ்க்ரூவை விட அது மேல். கார்ப்பெட்டைப் பத்தி என் அபிப்பிராயம் கேட்டா, வேண்டவே வேண்டாம், அது ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற துணி.

கேள்வி: 14 அடி போட்டை பாஸ் மீன் பிடிக்கிற பாஸ் போட் மாதிரி மாத்தணும்னு ஆசை. முன்பக்கம் நின்னு தூண்டில் வீச மேடை, அடியில மீன் தொட்டி, ரெண்டு பேட்டரி. நடு சீட்டை அறுத்து எடுத்துடலாமா? – மிச்சிகன்ல இருந்து ஒரு இளைஞர்

பதில்: தம்பி, அந்த நடு சீட்டு உக்கார மட்டும் வச்சதில்ல. ரெண்டு பக்கச் சுவரையும் பிடிச்சு நிறுத்துற உத்தரம் அது, மேல சொன்ன ஃபோமும் அதுக்குள்ளதான் இருக்கு. அதை எடுத்துட்டா அலையில போட் மூச்சு விடுற மாதிரி விரிஞ்சு சுருங்கும், ரிவிட் எல்லாம் வரிசையா தளரும். எடுத்தே ஆகணும்னா அதுக்குப் பதிலா பக்கத்துக்குப் பக்கம் அலுமினிய ஆங்கிள் வச்சு சட்டம் கட்டணும், எடுத்த ஃபோம் அளவுக்கு வேற இடத்துல வைக்கணும்.

மேடை விஷயத்துல எனக்கு இன்னும் பயம் அதிகம். 14 அடி போட் அகலம் அஞ்சு அடி சுமார்தான் இருக்கும். அதுல ஓரத்துக்குச் சமமா மேடை கட்டி 180 பவுண்டு ஆள் ஒருத்தர் நின்னா அந்தக் கனம் முழுக்க மேல போயிடுது, பக்கத்துல இருக்கிறவர் மீன் வலையை எட்டி எடுத்தாப் போதும். போட்டுல ஒரு தகடு இருக்கும், எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரை சக்தின்னு. நீங்க போடுற ஒவ்வொரு பலகையும் பேட்டரியும் அந்த எடையில இருந்துதான் கழியும். முக்கால் இன்ச் பிளைவுட் ஒரு முழு ஷீட் மட்டுமே 60, 70 பவுண்டு. மேடை வேணும்னா பழைய சீட்டு உயரத்தைத் தாண்டாதீங்க, அரை இன்ச் பலகை, அடியில ஆங்கிள், அது போதும். நின்னு வீசுறதுக்கு ஆசைன்னா இன்னும் கொஞ்சம் காசு சேத்து அகலமான 16 அடி போட்டாத் தேடுங்க, சின்ன போட்டை அது தாங்காத வேலைக்கு இழுக்காதீங்க.

வயரிங்கும் பண்ணுவீங்கன்னு தெரியுது, அதனால ஒண்ணு: கார்ல பண்ற மாதிரி நெகட்டிவை போட் தகட்டோட சேக்கக் கூடாது. ஒவ்வொரு விளக்குக்கும் ரெண்டு வயரும் தனியா பேட்டரி வரைக்கும் போகணும், பேட்டரி கிட்டயே ஃபியூஸ் வைக்கணும். தகட்டுல கரண்ட் ஓடினா அரிப்பு பல மடங்கு வேகமா நடக்கும்.

கேள்வி: அடியில ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். வெல்டிங் பண்ணிடலாமா? – ஓஷாவா

பதில்: முழுசா வெல்டிங்ல செஞ்ச போட்னா தாராளமா, நல்ல ஆளாப் பாத்து. ரிவிட் போட்னா நான் யோசிப்பேன். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸ்ல உருகிடும், ஆனா அது மேல படிஞ்சிருக்கிற ஆக்சைடு உருக 2000 டிகிரிக்கு மேல வேணும், அதனால சுத்தமா தேய்க்காம பத்த வச்சா மேல்தோல் அப்படியே நிக்கும், உள்ள உருகி ஓட்டை விழும். அப்படியே நல்லா பத்தினாலும் அந்த சூட்டுல பக்கத்து ரிவிட் எல்லாம் தளர்ந்து புது ஒழுக்கு வரும். ரொம்ப முக்கியம், பக்கத்துல ஃபோம் இருந்தா அதை முழுசா எடுக்காம யாரையும் பத்த வைக்க விடாதீங்க, அது எரிஞ்சா வர்ற புகை ஆளைக் கொல்லும். விரிசலோட ரெண்டு முனையிலயும் சின்னதா ஒரு ஓட்டை போட்டு அது மேல ஓடாம நிறுத்திட்டு, 5052ங்கிற வகை அலுமினியத் தகடு ஒண்ணை ஓரம் வட்டமா வெட்டி, 5200 பூசி, சுத்தி ரிவிட் அடிச்சா போதும். விமானத்துலயே இந்த மாதிரி ஒட்டுதான் போடுறாங்க.

கேள்வி: ஐயா, நான் மயிலிட்டியில பிறந்து வளந்தனான், அப்பா கடலுக்குப் போனவர். இஞ்ச வாற இடமெல்லாம் அலுமினிய போட்டாக் கிடக்குது, ஊரில ஒண்டைக்கூட நான் காணேல்லை. ஏன் அங்க இது வரேல்லை? – மான்ட்ரியல், வயசு 71

பதில்: ஐயா, உங்களுக்கு நான் கடலைப் பத்திச் சொல்ல வேண்டியதில்ல, உங்க கேள்வியைப் படிச்சப்போ எனக்குத் தூத்துக்குடிக் கரைதான் கண்ணுல நின்னுச்சு, அங்கயும் இதே கதைதான், மர வள்ளம் போய் ஃபைபர் வந்துச்சு, நடுவுல அலுமினியம் வரவே இல்ல. எனக்குப் புரிஞ்சவரைக்கும் முதல் காரணம் உப்பு. ஏரித் தண்ணியில ரெண்டு உலோகம் சேந்திருந்தாலும் அரிப்பு மெதுவாத்தான் நடக்கும், உப்புத் தண்ணி கரண்டை நல்லா கடத்தும், ஒரு இரும்பு ஆணி, ஒரு செம்பு வயர் தொட்டாலே வேலை ஆரம்பிச்சுடும். தினமும் கடலுக்குப் போற வள்ளத்துல அப்படி ஒண்ணும் படாம வச்சுக்க முடியுமா? கடலுக்குன்னே 5083 மாதிரி அலுமினிய வகையில, தடிச்ச தகட்டுல வெல்டிங் பண்ணின போட்டுங்க உலகத்துல நிறைய ஓடுது, அது வேற விலை.

ரெண்டாவது, அதுதான் பெருசுன்னு நினைக்கிறேன், பழுது பாக்குறது. ஃபைபர்ல ஓட்டை விழுந்தா கொஞ்சம் மேட்டிங் துணி, ஒரு டின் ரெசின், கரையிலயே வேப்ப மரத்தடியில வச்சு மத்தியானத்துக்குள்ள அடைச்சுட்டு மறுநாள் கடலுக்குப் போயிடலாம். அலுமினியத்துக்கு ஆர்கான் வாயு, அதுக்குத் தனி மிஷின், அது தெரிஞ்ச ஆள்னு எல்லாம் வேணும். ஒரு நாள் தொழில் போனா ஒரு நாள் சாப்பாடு போற இடத்துல இது சரிப்படாது. 2004 சுனாமிக்கு அப்புறம் ரெண்டு கரையிலயும் நிவாரணமா குடுத்ததும் பெரும்பாலும் ஃபைபர் போட்தான். இங்க குளிர்காலத்துல ஏரி உறைஞ்சு கிடக்கும், வருஷத்துக்கு இருபது நாள் ஓட்டுவோம், டிரெய்லர்ல ஏத்தி இறக்கணும், கனம் குறைவா இருக்கணும். அதுக்கு அலுமினியம் பொருந்துது. நீங்க ஒரு நாள் ரைஸ் லேக் பக்கம் வந்தா என் போட்டோட அணியத்துல, முன்பக்கத்துல, உங்களை உக்கார வச்சு ஓட்டணும்னு ஆசைப்படுறேன்.

கேள்வி: வாங்கின போட்ல எந்தப் பேரும் இல்ல. எந்தக் கம்பெனி, எந்த வருஷம்னு கண்டுபிடிக்க வழி உண்டா? – கிச்சனர்

பதில்: பின்பக்க வெளித் தகட்டுல வலது மேல் மூலையைப் பாருங்க, பெயின்டுக்கு அடியில இருந்தா தடவிப் பாருங்க. 12 எழுத்து எண் வெட்டியிருக்கும், முதல் மூணு எழுத்து கம்பெனி, கடைசி ரெண்டு இலக்கம் பெரும்பாலும் மாடல் வருஷம். அமெரிக்காவுல 1972 நவம்பர்ல இருந்தும், கனடாவுல 1981 ஆகஸ்ட்ல இருந்தும் இது கட்டாயம். எண்ணே இல்லன்னா அதுக்கு முந்தின போட்டா இருக்கலாம், அப்போ சீட்டு வளைவு, முன்பக்க கைப்பிடி இதையெல்லாம் பழைய விளம்பரப் படங்களோட ஒப்பிட்டுத்தான் பாக்கணும். இந்தத் தேடல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். போர் விமானம் செஞ்ச க்ரம்மன் 1945ல, யுத்தம் முடியுற சமயத்துல, அதே தகடு வளைக்கிற, ரிவிட் அடிக்கிற கைவேலையைக் கேனோங்கிற துடுப்புப் படகுக்குக் கொண்டு வந்தாங்க. விஸ்கான்சின்ல மிர்ரோ கம்பெனி அலுமினியச் சட்டி பானை செஞ்சவங்க, அவங்களும் போட் பண்ணாங்க. மின்னசோட்டாவுல லண்ட் 1948ல, க்யூபெக்ல ப்ரின்ஸ்க்ராஃப்ட் 1954ல. உங்க கொட்டகையில கிடக்கிறது இதுல எதுவா வேணா இருக்கலாம், எல்லாமே திரும்பத் தண்ணி பாக்கத் தகுந்த போட்டுதான்.

கேள்வி: எல்லா வேலையும் முடிஞ்சிடுச்சு, வர்ற சனிக்கிழமை முதல் தடவை இறக்குறோம். என்ன கவனிக்கணும்? – பீட்டர்பரோ

பதில்: டிரெய்லர் முன் பட்டையை அவிழ்க்காமலே போட்டைத் தண்ணிக்குள்ள இறக்கி, பத்து நிமிஷம் அப்படியே மிதக்க விட்டு, உள்ள டார்ச் அடிச்சு ஒவ்வொரு மடிப்பா பாருங்க. ஒழுக்கு இருந்தா அங்கயே திரும்ப ஏத்திடலாம். கனடாவுல மோட்டார் எவ்வளவு சின்னதா இருந்தாலும் ஓட்டுறவர் கையில ஆபரேட்டர் கார்டு (போட் ஓட்டத் தெரியும்னு காட்டுற அட்டை) இருக்கணும், 10 குதிரை சக்தி அல்லது அதுக்கு மேலன்னா போட்டுக்கு லைசென்ஸ் எண்ணும் வேணும். ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், அதை சீட்டுக்கு அடியில சொருகாம போட்டுக்கிட்டே உக்காருங்க, மே மாசத்துத் தண்ணியில விழுந்தா அப்புறம் அதை எடுத்துப் போட கை வராது. தண்ணி இறைக்க ஒரு டப்பா, 15 மீட்டர் மிதக்கிற கயிறு. முதல் நாள் கரையை விட்டுத் தூரம் போகாதீங்க, ரெண்டு பேருக்கு மேல ஏறவும் வேண்டாம்.

திரும்பி வந்து டிரெய்லர்ல ஏத்தினதும் ட்ரெயின் ப்ளக்கைக் கழட்டி, களையெல்லாம் எடுத்துட்டுத்தான் ரோட்டுக்கு வரணும், ஒன்டாரியோவுல 2022 ஜனவரியில இருந்து அது சட்டம், ஒரு ஏரியோட சிப்பியும் பாசியும் இன்னொரு ஏரிக்குப் போகக் கூடாதுன்னு. கழட்டின ப்ளக்கை நான் கார் சாவி வளையத்துலயே மாட்டிடுவேன். அடுத்த தடவை இறக்குறதுக்கு முன்னாடி சாவியைக் கையில எடுக்கும்போது அது கண்ணுல பட்டுடும்.